கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார்க்காரர்: லியோ ஃபெண்டர் (1909–1991)



இந்தப் போகிக்கு நம் மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுப் பரணை ஒழித்தார்கள். பழைய பாய், ஓட்டை அண்டா, நின்றுபோன சுவர்க் கடிகாரம் இவற்றோடு ஒரு மின்சாரக் கிட்டாரும் கீழே இறங்கியது. ஆறு கம்பிகளில் மூன்று இல்லை. மீதி மூன்றும் துருப்பிடித்துக் கிடந்தன. தலைப் பகுதியில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் உரிந்துபோய், கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வீட்டு அக்காவின் கணவர், இளவயதில் மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய் வாசித்த கிட்டார் அது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பழைய சாமான் எடுப்பவர் ஒரு விலை சொல்லியிருக்கிறார். கொடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. பாடாத கிட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பழைய ரேடியோக்களைக் கழற்றி மாட்டும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது தெருவுக்கே தெரியும் என்பதால், கிட்டார் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதைக் கழற்றிப் பார்த்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கிட்டாரை ஒரு திருப்புளியால் முழுக்கப் பிரித்துவிட முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அவர்தான்.

ஆரஞ்சுத் தோப்பில் பிறந்தவர்

பெரியகுளத்தைச் சுற்றி நமக்கு மாந்தோப்பு எப்படியோ, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன், அனஹைம் ஊர்களுக்கு அந்தக் காலத்தில் ஆரஞ்சுத் தோப்பு அப்படி. அங்கே ஒரு தோப்புக்காரக் குடும்பத்தில் 1909 ஆகஸ்ட் 10 அன்று கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் பிறந்தார். வீட்டிலும் ஊரிலும் லியோ. எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்து, அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஆயுள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான்.

பதின்மூன்று வயதில் அவருக்கு ஒரு பெட்டி வந்தது. மோட்டார் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்யும் கடை வைத்திருந்த மாமா ஒருவர், வேண்டாத ரேடியோ சாமான்களையும் ஒரு பேட்டரியையும் அதில் போட்டு அனுப்பியிருந்தார். மறு வருடம் மாமாவின் கடைக்கே போனபோது, உதிரிச் சாமான்களைக் கொண்டு அவரே செய்த ரேடியோ ஒன்று ஊதுகுழல் ஸ்பீக்கரில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பையனுக்கு அந்தச் சத்தம் மனதில் பதிந்துவிட்டது. வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்தாரின் ரேடியோக்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்.

ஆனால் கல்லூரியில் அவர் படித்தது கணக்கு வைக்கும் படிப்பு. மின்னணுவியலில் முறையாக ஒரு வகுப்புக்கூடப் போனதில்லை. ஐஸ் கம்பெனியில் முதலில் வண்டியில் சரக்குக் கொண்டுபோகும் வேலை, பிறகு கணக்கு எழுதும் வேலை. அப்போது உள்ளூர் இசைக்குழு ஒன்று, நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி செய்து தரக் கேட்டது. மொத்தம் ஆறு செய்து கொடுத்தார். 1934-ல் எஸ்தரைத் திருமணம் செய்துகொண்டு, நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் ஆனார். உலகத்தையே உலுக்கிய பொருளாதார மந்தம் அந்த வேலையைப் பறித்தது. அடுத்து ஒரு டயர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று.

ரேடியோ கடை

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்த மைக்செட் கடைகளை நினைத்துக்கொண்டால் போதும். ரேடியோ ரிப்பேர் செய்வது, இசைத்தட்டு விற்பது, விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது, எல்லாம் அங்கே உண்டு. இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஒற்றைக் கண் காரணமாக இவரைப் படைக்கு எடுக்கவில்லை. கடை நடந்தது.

அந்தக் கடைக்கு ரேடியோக்களோடு இசைக்கலைஞர்களின் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் ரிப்பேருக்கு வந்தன. லியோவின் படிப்பு அங்கேதான் நடந்தது. எந்த இடத்தில் ஒயர் விடுகிறது, எந்தச் சால்டர் வெடிக்கிறது, எந்த ஆணி இளகுகிறது, எந்தச் சாமான் கிடைக்காமல் வாடிக்கையாளர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார் என்று தினமும் பார்த்தார்.

மின்சாரக் கிட்டார் எப்படிச் சத்தம் தருகிறது என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். சைக்கிள் டைனமோவில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கிறதல்லவா, அதே சங்கதிதான். கிட்டாரின் எஃகுக் கம்பிக்கு அடியில் காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருளும் வைத்த ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதற்குப் பெயர் பிக்கப். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் கொடுக்கும்.

அந்தக் காலத்துக் கிட்டார்கள் வயிறு குடைந்த மரப்பெட்டிகள். அவற்றில் பிக்கப் வைத்து ஒலியைக் கூட்டினால், திருவிழா மைக் ஸ்பீக்கர் முன்னால் போனதும் கூவுமே, அதுபோலக் கூவும். குடையாத ஒரே பலகையில் கம்பி கட்டினால் கூவல் குறையும் என்று லியோவுக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். 1943 வாக்கில் லியோவும் டாக் காஃப்மன் என்ற நண்பரும், தாங்கள் செய்த பிக்கப்பைச் சோதிக்க ஒரு பலகைக் கிட்டாரைத் தட்டி எடுத்தார்கள். சோதனைக்குச் செய்த அந்தக் கட்டையை உள்ளூர்க் கலைஞர்கள் வாடகைக்குக் கேட்டு வரிசையில் நின்றார்கள். இருவரும் கூட்டாகச் சிறு தொழில் தொடங்கி, மடியில் படுக்க வைத்து வாசிக்கும் கிட்டார்களைச் செய்தார்கள். தொழில் தேறுமா என்ற சந்தேகத்தில் காஃப்மன் 1946-ல் விலகினார். லியோ தன் பெயரில் கம்பெனி நடத்தினார். கையில் காசு இல்லாத அந்த வருடங்களில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எஸ்தரின் சம்பளம் குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

பலகைக் கிட்டார்

1950-ல், ஜார்ஜ் ஃபுல்லர்டன் என்ற உதவியாளரோடு சேர்ந்து உருவாக்கிய கிட்டார் சந்தைக்கு வந்தது. ஒரு பிக்கப் உள்ளதற்கு எஸ்கொயர் என்றும், இரண்டு உள்ளதற்குப் பிராட்காஸ்டர் என்றும் பெயர். அதே போன்ற பெயரில் வேறொரு கம்பெனி மேளங்கள் விற்றுக்கொண்டிருந்ததால் ஆட்சேபம் வந்தது. 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. இடைப்பட்ட மாதங்களில், அச்சடித்து வைத்திருந்த ஸ்டிக்கரை வீணாக்க மனமில்லாமல், மாடல் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு மீதியை ஒட்டி அனுப்பினார்கள். மாடல் பெயர் இல்லாத அந்தக் கிட்டார்களைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

பழைய முறையில் கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். கழுத்து வளைந்தால் கைதேர்ந்த ஆசாரியிடம் மாதக்கணக்கில் விட வேண்டும். லியோவோ கழுத்தைத் தனியாகச் செய்து, பின்னால் ஒரு தகடு வைத்து, நான்கே திருகாணியில் இறுக்கினார். கழுத்து கெட்டால் வேறு கழுத்து மாட்டிக்கொள்ளலாம். பிக்கப், ஒலி கூட்டும் கன்ட்ரோல், ஸ்விட்ச் எல்லாமே மேல் தகட்டைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. மற்ற கம்பெனிக்காரர்கள் இதைத் துடுப்பு என்றும் பலகை என்றும் கேலி செய்தார்கள். ரிப்பேர் பெஞ்சில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவருக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை.

தவறும் செய்தார். மேப்பிள் மரம் இரும்பு மாதிரி, கழுத்துக்குள் இரும்புக் கம்பி வேண்டியதில்லை என்று முதலில் பிடிவாதமாக இருந்தார். அப்படிப் போனவற்றில் பல, கம்பியின் இழுப்பில் கழுத்து வளைந்து திரும்பி வந்தன. அந்த வருடமே கழுத்தின் பின்பக்கம் காடி வெட்டி, இரும்புக் கம்பி செருகி, காடியை அடர்நிற மரத்தால் மூடினார். அந்த அடர்நிறக் கோடு பின்னாளில் ஃபெண்டர் கிட்டாருக்கு ஓர் அங்க அடையாளமாகிவிட்டது.

1951-லேயே இன்னொன்றும் செய்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்காக, கிட்டார் போலத் தோளில் மாட்டும் மின்சார பேஸ் கிட்டார். அதன் கழுத்தில் வீணையில் உள்ளது போல மெட்டுகள் இருந்ததால் சுரம் பிசகாது. இதற்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு; உலகம் முழுக்கப் பரவியது இவருடையதுதான். பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, கிட்டாரும் ஆர்மோனியமுமாக அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் வளர்ந்த இளையராஜாவின் பாட்டுகளில், அடியில் ஒரு பேஸ் கிட்டார் தனியாகக் கதை சொல்லிக்கொண்டே போகுமே, அந்த வாத்தியக் குடும்பத்தின் தொடக்கம் இந்த ரேடியோ கடைக்காரரிடம் இருக்கிறது.

கேட்டுக் கேட்டுத் திருத்தியவர்

லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. இளமையில் சாக்ஸபோன் கொஞ்சம் ஊதியதுண்டு. சுருதி சேர்க்கக்கூட ஆள் வேண்டும். தெரியாது என்பதை அவர் ஒரு குறையாக மறைக்கவில்லை. வாசிப்பவர்களைத் தொழிற்சாலைக்கு அழைத்து, கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரவு மேடையில் ஒருவர் வாசிப்பதைக் கேட்கப் போனால், பாட்டுக்கு நடுவிலேயே ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்விடுவார்.

பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார்கள். விளிம்புகளைச் செதுக்கி உடலோடு படியும்படி வளைவு கொடுத்தார். ஒவ்வொரு கம்பியின் சுருதியையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஆறு கம்பிக்கு ஆறு சின்னப் பாலங்கள் வைத்தார். சுரத்தை அசைக்க ஒரு பிடி வேண்டும் என்றார்கள். சுருள்வில் வைத்த பிடி ஒன்றைப் பொருத்தினார். ஹவாயில் பிறந்த ஃப்ரெடி தவாரஸ் என்ற கலைஞர் வரைபடம் போட, மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வெளிவந்தது. இன்று சினிமா போஸ்டரிலோ விளம்பரத்திலோ மின்சாரக் கிட்டார் என்று எதை வரைந்தாலும், பெரும்பாலும் அந்த இரட்டைக் கொம்பு உருவம்தான் வரும்.

1956-ல் மின்சார மாண்டலினும் செய்தார். மாண்டலினில் வழக்கமாக ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி. இவருடையதில் ஒற்றை ஒற்றையாக நான்கே கம்பி. நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் பிற்காலத்தில் கர்நாடக இசையின் கமகத்துக்காக ஒற்றைக் கம்பிகளுக்கு மாறி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டதை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் எளிமைக்காகப் போன வழியில், இன்னொருவர் இசைக்காகப் போயிருக்கிறார்.

விற்றதும் மீண்டதும்

1950-களின் நடுவில் சைனஸ் தொற்று ஒன்று லியோவைப் பிடித்தது. வருடக்கணக்கில் குணமாகவில்லை. தனக்கு நாள் குறைவு என்று எண்ணி, 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். விற்ற பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் முழுக்கக் குணமாகிவிட்டது! கம்பெனி கையைவிட்டுப் போனது போனதுதான். பத்து வருடம் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருந்தது.

கையில் பணமும் உடம்பில் தெம்பும் உள்ள மனிதர் ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 1975-ல் மியூசிக் மேன் கம்பெனியின் தலைவரானார். பிறகு பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் என்ற கம்பெனியைத் தன் பெயர் கொண்ட தெருவிலேயே தொடங்கினார். 1979-ல் எஸ்தர் இறந்தார். மறு வருடம் ஃபிலிஸை மணந்தார். கடைசி வருடங்களில் பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. அப்படியும் பெஞ்சுக்குப் போவதை நிறுத்தவில்லை. முந்தின நாள்வரை வேலை பார்த்துவிட்டு, 1991 மார்ச் 21 அன்று காலமானார். அவர் உட்கார்ந்த அறையை, கருவிகள் கிடந்தது கிடந்தபடியே பாதுகாத்து வைத்தார்கள்.

பரணில் இருந்த கிட்டார்

இனி நம் அக்காவின் கிட்டார். முதல் கேள்வி, இது யார் செய்தது. உருவம் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். ஆனால் உருவத்தையும் ஸ்டிக்கரையும் நம்பக் கூடாது. இரண்டையும் யாரும் போலி செய்யலாம். உள்ளே பார்க்க வேண்டும்.

அசல் பழைய ஃபெண்டரில் கழுத்தைக் கழற்றினால் அடிக்கட்டையில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி இருக்கும். கழுத்துத் தகட்டில் வரிசை எண் இருக்கும். ஒலி கூட்டும் கன்ட்ரோலின் முதுகில் எண்கள் குத்தியிருக்கும். உதாரணமாக 304-6320 என்றிருந்தால், 304 என்பது அதைச் செய்த கம்பெனி, 63 என்பது 1963, 20 என்பது அந்த வருடத்தின் 20-வது வாரம். கிட்டார் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. தலைப் பகுதி பெருத்திருந்தால் 1965-ன் கடைசிக்குப் பிந்தியது. கழுத்தில் நான்குக்குப் பதில் மூன்று திருகாணி என்றால் 1971-க்குப் பிந்தியது. ஸ்விட்ச் மூன்று நிலைக்குப் பதில் ஐந்து நிலை என்றால் 1977-க்குப் பிந்தியது, அல்லது யாரோ பின்னால் மாற்றியது. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாமல், எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நம் கிட்டாரில் வரிசை எண் இல்லை, கழுத்தில் தேதி இல்லை, கன்ட்ரோலில் அந்த வகைக் குறியும் இல்லை. அளவுகளும் சாமான்களும் இது நம் நாட்டில் செய்த நகல் என்று காட்டின. லட்சக்கணக்கில் விலை போகுமோ என்று எதிர்பார்த்த பேரனுக்கு முகம் வாடிவிட்டது. அக்கா மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மேல் தகட்டைத் திருப்பியபோது, அதன் உள்பக்கம் பென்சில் எழுத்து தெரிந்தது. ஒரு ஸ்விட்ச் ஒயரைப் பற்றவைத்த தேதி, 1984 சித்திரை மாதம். பக்கத்தில் உத்தமபாளையம் என்று ஊர்ப் பெயர். கச்சேரிக்கு நடுவில் எங்கோ மேடைக்குப் பின்னால் கழற்றி, சரிசெய்து, குறித்து வைத்திருக்கிறார். கலிபோர்னியாவில் தொழிற்சாலை ஆட்கள் கழுத்தில் தேதி எழுதினார்கள். இங்கே வாசித்தவரே எழுதியிருக்கிறார். அக்கா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு இதைச் சும்மா விட முடியுமா? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு பிக்கப்பில் ஐந்தாறு கிலோ ஓம் காட்டியது; அவை நன்றாக இருக்கின்றன. மூன்றாவது எதுவும் காட்டவில்லை; சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இவ்வளவு மெல்லிய கம்பி புழங்குவதில்லை. பெரியகுளத்தில் ஒரு மூத்த ரேடியோ மெக்கானிக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெளிச்சுற்றின் நுனியில்தான் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு பொட்டு சால்டரில் சேர்த்துவிட்டார். உள்சுற்றில் அறுந்திருந்தால் மொத்தமும் புதிதாகச் சுற்ற வேண்டியிருந்திருக்கும்.

அலைய வைத்தது முறுக்காணி. வீணையின் பிரடை போலக் கம்பியை முறுக்கும் சாதனம். ஆறில் ஒன்று உடைந்திருந்தது. இன்று விற்கும் புதிய செட்டுக்கு ஆணித் துளைகளின் இடைவெளி வேறு. பழைய தலையில் புதிதாகத் துளை போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதம் தேடி, மதுரையில் ஒரு வாத்தியக் கடையின் மூலையில் உடைந்து கிடந்த கிட்டார் ஒன்றிலிருந்து அதே வகை ஒற்றை முறுக்காணி கிடைத்தது. இறுகிப்போன ஒரு கன்ட்ரோலை மட்டும் 250 கிலோ ஓமில் புதிதாகப் போட்டோம். கழற்றிய பழையதை ஒரு உறையில் போட்டு, எப்போது ஏன் மாற்றினோம் என்று எழுதி அக்காவிடமே கொடுத்திருக்கிறேன். வண்ணத்தைத் தொடவில்லை. அவருடைய முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது.

பங்குனியில் ஒரு ஞாயிறு மாலை, மைக்செட்காரத் தம்பியின் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பேரன் கம்பியைத் தட்டினான். கொஞ்சம் இரைச்சல், அந்த வகைப் பிக்கப்பின் கூடப்பிறந்த குணம் அது. ஆனால் பாடியது.

லியோ ஃபெண்டர் ஜெயமங்கலத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தன் கண்ணில் படாத யாரோ ஒருவர், தனக்குப் பின்னால், ஒரு திருப்புளியோடு இதைத் திறப்பார் என்பதை மட்டும் அவர் மறக்கவில்லை. அந்த நினைப்பு அவர் போட்ட வடிவத்திலேயே இருந்ததால், அதைப் பார்த்து நம் ஊர்ப்பக்கம் செய்த நகலுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. ஒட்டிவிட்டுப் போகும் சாமான்களே மலிந்துவிட்ட இந்த நாளில், இது சின்ன விஷயமில்லை.

நம் குடியிருப்பாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் பழைய வாத்தியமோ ரேடியோவோ இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், வண்ணம் பூச வேண்டாம், கழன்ற ஆணி ஒன்றையும் தூக்கி எறிய வேண்டாம். வெளிநாட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால், அது 110 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்ததா என்று பார்க்காமல் நம் பிளக்கில் சொருகவே வேண்டாம். உள்ளேயும் கை வைக்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளிருக்கும் கப்பாசிட்டர் அதிர்ச்சி கொடுக்கும்.

திறந்து பார்க்கும்போது, தகட்டின் உள்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.